ப்ளூ மெசாவின் இரண்டாவது டாக்டர்

யங்ஸ்டவுன், ஒஹாயோ
மார்ச் 3, 1999

திரு. வெண்டல் பிரையர் அவர்களுக்கு,

ஆட்டோகிராஃப் விழா நடத்தியவர்கள் மூலமாக இதை அனுப்புகிறேன். உங்களிடம் சேர்த்துவிடுவதாகத் தொலைபேசியில் ஒரு பெண் சொன்னாள். சேர்க்காவிட்டால் திரும்பவும் எழுதுவேன்.

பிப்ரவரியில் பர்பாங்க் ஓட்டலில் உங்களைப் பார்த்தேன். விடுமுறைக்கு வந்த இடம். எட்டு வருஷத்தில் எனக்குக் கிடைத்த முதல் விடுமுறை. பச்சை மழைக்கோட்டு போட்டிருந்தவள் நான். கூட வந்த உயரமானவள் வாண்டா, என்னோடு வேலை செய்பவள். "குதிரை இன்னும் உயிரோட இருக்கா சார்?" என்று கேட்டாளே, அவள். "இருந்தா அதுக்கும் ஒரு மேஜை போட்டு உக்கார வெச்சிருப்பாங்கம்மா" என்றீர்கள். வரிசையே சிரித்தது.

சிரிப்பு அடங்கியதும் நான் பேசினேன். வாண்டாவிடம்கூட அதுவரை சொல்லாத விஷயம். எனக்குப் பதினொரு வயதில் எங்கள் ஊர் இரும்பாலையை மூடினார்கள். அப்பா வேலை தேடி ஹூஸ்டன் போனார். சில மாதம் கடிதம் வந்தது, பிறகு நின்றுவிட்டது. அவர் கிளம்பிய காலையில் நான் ஸ்கேட்டிங் காலணி கேட்டு அழுதிருந்தேன். அதனால்தான் அவர் திரும்பவில்லை என்று எனக்குள் ஒரு தீர்ப்பு. சாப்பிடவில்லை. பள்ளிக்கூடம் போகவில்லை. அம்மா இரண்டு இடத்தில் வேலை பார்த்ததால் அவளுக்குத் தெரியவில்லை. மத்தியானம் தொலைக்காட்சியில் பழைய கௌபாய் தொடர் ‘ப்ளூ மெசா’ போடுவார்கள். அதில் ஒருநாள் டாக்டர் கேலப் கிணற்று மேட்டில் ஒரு சிறுமி பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார்: "உங்க அப்பா போனது உன்னால இல்ல. பெரியவங்க எடுக்கிற முடிவுக்குப் பிள்ளைங்க பொறுப்பாக முடியாது. எழுந்திரு, முகத்தைக் கழுவு." நான் எழுந்து முகம் கழுவினேன். மறுநாள் பள்ளிக்கூடம் போனேன்.

இதைச் சொல்லி உங்களுக்கு நன்றி சொன்னேன். நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு என்ன சொன்னீர்கள்? "அந்தக் காட்சி எனக்கு நல்லா ஞாபகம் இருக்கும்மா. அன்னிக்குப் பூரா காத்து அடிச்சுக்கிட்டே இருந்தது."

நான் அழுதுவிட்டேன். உங்கள் உதவியாள் அடுத்தவரைக் கூப்பிட்டார்.

வாசலில் ஒருவன் பழைய கேசட்டுகள் விற்றான். அந்த எபிசோட் இருந்தது, வாங்கினேன். ஊருக்கு வந்து போட்டுப் பார்த்தேன். கிணற்று மேட்டில் உட்கார்ந்திருப்பது நீங்கள் இல்லை. அதே தொப்பி, அதே கறுப்புக் கோட்டு, வேறு ஆள். பெயர் போடும்போது பார்த்தேன்: லைல் டோபின். நீங்கள் நாலாவது வருஷத்தில்தான் வருகிறீர்கள்.

ஆளை மாற்றியது எனக்குத் தெரியாமல் போனது என் தப்பு. மறு ஒளிபரப்பில் முன்னே பின்னே போடுவார்கள். ஒருநாள் ஒரு முகம், மறுநாள் இன்னொரு முகம். எங்களுக்கு டாக்டர் என்றால் அந்தக் கோட்டுதான். ஆனால் நீங்கள் யார் என்பது உங்களுக்குத் தெரியுமே?

தெரியாமல் தலையாட்டியிருந்தால்கூட விட்டிருப்பேன். காற்று எதற்கு?

லொரெட்டா ஹுடாக்


வான் நைஸ், கலிஃபோர்னியா
மார்ச் 19, 1999

மிஸ் ஹுடாக்,

காற்றுக்கு மன்னிப்புக் கேட்கிறேன். நடிகனின் கெட்ட பழக்கம் அது. பொய் சொல்லும்போது கூடவே ஒரு சின்ன விவரத்தையும் ஒட்டினால் அது நிற்கும். ஐம்பது வருஷமாகச் செய்வது. நாக்கு தானாகச் செய்துவிட்டது.

என் பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்கள். அந்த மேஜைக்கு வருபவர்களில் பாதிப் பேர் லைல் டோபின் செய்ததற்குத்தான் எனக்கு நன்றி சொல்கிறார்கள். முதல் வருஷம் நான் ஒவ்வொருவரையும் திருத்தினேன். ஃப்ரெஸ்னோவிலிருந்து ஒருவர் மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பார்த்த எபிசோட் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தார். "அது நான் இல்ல சார், எனக்கு முன்னாடி இருந்தவரு" என்றேன். அவர் முகம் என்ன ஆனது என்று எழுத வரவில்லை. கூட்டத்தில் பிள்ளையைத் தொலைத்தவர் மாதிரி அந்த ஹாலைச் சுற்றிப் பார்த்தார். வாங்க எடுத்த படத்தை மேஜையிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு நான் யாரையும் திருத்துவதில்லை. பின்னால் வரிசை நிற்கிறது. வந்தவர் சந்தோஷமாகப் போகட்டும் என்று விட்டுவிடுவேன்.

சமாதானமாக இந்த உறையில் ஒரு படம் வைத்திருக்கிறேன். குதிரையோடு எடுத்தது, நல்ல பிரதி. "லொரெட்டாவுக்கு, டாக்டர் கேலப்" என்று எழுதியிருக்கிறேன்.

உண்மையுள்ள,
வெண்டல் பிரையர்


யங்ஸ்டவுன்
மார்ச் 25, 1999

திரு. பிரையர்,

படத்தைத் திருப்பி அனுப்புகிறேன். குதிரை நன்றாக இருக்கிறது. கையெழுத்துதான் வேண்டாம்.

நான் எங்கே வேலை செய்கிறேன் என்று உங்களிடம் சொல்லவில்லை. ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் இடம். ஊரிலுள்ள ஆஸ்பத்திரிகளிலிருந்து படுக்கை விரிப்புகள் மூட்டை மூட்டையாக வரும். ரத்தம், மலம் எல்லாம் இருக்கும், அது பழகிவிட்டது. பழகாதது ஊசி. விரிப்புக்குள் சுருண்டு கிடக்கும். தடித்த கையுறை கேட்டால் மெல்லியது கொடுப்பார்கள். போன வருஷம் வாண்டாவின் உள்ளங்கையில் ஏறியது. நோய் எதுவும் ஒட்டவில்லை என்று தெரிய ஆறு மாதம் பயத்தில் கிடந்தாள். அவள் வராத முதல் நாள் புதிதாக ஒரு பெண்ணை அவள் இடத்தில் நிறுத்தினார்கள். போட்டுக்கொள்ள வாண்டாவின் மேலங்கி. நெஞ்சில் வாண்டா என்று தைத்திருந்தது. அன்று முழுவதும் சூப்பர்வைசர் அந்தப் பெண்ணை "வாண்டா, வேகமா தள்ளு, வாண்டா" என்றுதான் கூப்பிட்டான். கிண்டல் இல்லை. அவனுக்கு நிஜமாகவே வித்தியாசம் தெரியவில்லை. மேலங்கி நகர்ந்தால் போதும்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு அவன்தான் நினைவுக்கு வந்தான். நீங்கள் அவனை விட நல்லவர், தெரிகிறது. ஆனால் "வந்தவர் சந்தோஷமாகப் போகட்டும்" என்பது அவன் மேலே இருப்பவர்கள் பேசுகிற பேச்சு. ஆலையை மூடுவதற்கு முந்தின வாரம்கூட எங்கள் அப்பாக்களைச் சந்தோஷமாகத்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

நான் அந்த நன்றியை இருபத்திரண்டு வருஷம் வைத்திருந்தேன். அதை ஒரு ஆளிடம் கொடுத்தேன். அது அவருடையது இல்லை, அவருக்கும் அது தெரியும், வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். லைல் டோபின் உயிரோடு இருக்கிறாரா? இருந்தால் அது அவரிடம் போக வேண்டும்.

லொரெட்டா ஹுடாக்


வான் நைஸ்
ஏப்ரல் 11, 1999

மிஸ் ஹுடாக்,

இருக்கிறார். எனக்கு நேற்றுவரை தெரியாது. ஃபே என்று ஒரு அம்மா, எங்கள் இருவருக்கும் மேக்கப் போட்டவர், அவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். "ரெண்டு பேரு மூஞ்சியும் எனக்குத்தான் தெரியும். அவன் மூஞ்சிக்கு வேலை கம்மி" என்றார். எண்பத்துமூன்று வயது, இன்னும் குத்துவதை நிறுத்தவில்லை. டோபின் பார்ஸ்டோவில் இருக்கிறாராம், பாலைவனப் பக்கம். முகவரி கீழே எழுதியிருக்கிறேன். நீங்களே எழுதிவிடுங்கள். அதுதான் முறை.

நான் ஏன் போகவில்லை என்று கேட்பீர்கள். நானும் அவரும் ஒருமுறைகூடச் சந்தித்ததில்லை. நம்புவீர்களோ என்னவோ. அவருடைய கடைசி நாள் வெள்ளிக்கிழமை, என் முதல் நாள் திங்கட்கிழமை. கோட்டின் கையை எனக்காக மடித்துத் தைத்திருந்தார்கள். பையில் அவருடைய இருமல் மிட்டாய்ப் பொட்டலம், பாதி தீர்ந்தது. அதிக சம்பளம் கேட்டு முரண்டு பிடித்தார், அதனால் அனுப்பினார்கள் என்று எனக்குச் சொன்னார்கள். நான் அதற்கு மேல் கேட்கவில்லை. அப்போது எனக்கு முப்பத்தாறு வயது, ஒரு வருஷமாக வேலையில்லை, சின்னக் குழந்தை. வாய்ப்பு வந்தது, கோட்டைப் போட்டுக்கொண்டேன்.

இன்னொன்றும் சொல்கிறேன், உங்கள் கோபத்துக்குப் பிரயோஜனப்படும். அந்தக் காலத்து ஒப்பந்தப்படி முதல் சில மறு ஒளிபரப்புக்குத்தான் எங்களுக்குப் பணம். நீங்கள் பார்த்த மத்தியானங்களில் எல்லாம் எங்கள் இருவருக்கும் ஒரு சென்ட் வரவில்லை. அதனால்தான் எழுபத்தோரு வயதில் மேஜை போட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

வெண்டல் பிரையர்


யங்ஸ்டவுன்
மே 6, 1999

அன்புள்ள திரு. பிரையர்,

எழுதினேன். மூன்று பக்கம். திரும்பி வந்துவிட்டது. உறை மேல் ‘ப்ளூ மெசா’ என்று எழுதியிருந்தேன், பிரிக்கவே இல்லை. மேலே பேனாவால், கோணல் எழுத்தில்: "நீங்கள் தேடும் ஆள் இங்கே இல்லை."

தபால்காரன் எழுதியது இல்லை, அவரே எழுதியது. தபால்காரன் இவ்வளவு அழுத்தி எழுத மாட்டான்.

இரண்டு நாள் அதைச் சமையலறை மேஜையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் கோபம் வந்தது, வழக்கம்போல. அப்புறம் யோசித்தேன். அந்தத் தொடரின் பெயரைக் கேட்டாலே கதவைச் சாத்துகிற மனிதர். அதை அவர் என்ன என்று நினைத்துக்கொண்டிருக்கிறாரோ. தோற்றது என்றா, பிடுங்கப்பட்டது என்றா. அது இங்கே ஒரு வீட்டில் என்ன செய்தது என்று தெரியாமலேயே அவர் செத்துப்போகக்கூடும். எழுபத்தாறு வயது என்று கேசட் அட்டையைப் பார்த்துக் கணக்குப் போட்டேன்.

காகிதம் உள்ளே போகவில்லை. ஆள்தான் போக வேண்டும். என்னால் முடியாது, என் விடுமுறை முடிந்துவிட்டது. அடுத்தது எப்போது என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும். உங்களுக்கோ காரில் இரண்டு மணி நேரம்.

இது சண்டை இல்லை. கேட்கிறேன். வாண்டாவைத் தவிர, நான் சொன்னதைக் கேட்ட ஆள் உலகத்திலேயே நீங்கள் ஒருவர்தான். போவீர்களா?

லொரெட்டா


பார்ஸ்டோ (தபால் அட்டை)
மே 29

போனேன். அவர் தெரு முனையிலுள்ள கடையில் காபியும் ஒரு துண்டு செர்ரி கேக்கும் சாப்பிட்டேன். திரும்பிவிட்டேன். கேக் சுமார்.

வெ. பி.


யங்ஸ்டவுன்
ஜூன் 4, 1999

அட்டை கிடைத்தது. வாண்டாவிடம் காட்டினேன். "இவரு டாக்டரா நடிச்சப்போ நோயாளி வீட்டு வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பிடுவாரா?" என்று கேட்டாள். பதில் உங்களிடம் இருந்தால் எழுதுங்கள்.

லொரெட்டா


வான் நைஸ்
ஜூன் 21, 1999

அன்புள்ள லொரெட்டா,

வாண்டாவுக்கு என் பதில்: முந்தாநாள் வாசலைத் தாண்டிவிட்டேன்.

வரிசையாகச் சொல்கிறேன், இல்லாவிட்டால் நடிகன் உள்ளே புகுந்துவிடுவான்.

ட்ரெய்லர் வீடு. பக்கத்தில் நிழல்வலை கட்டித் தக்காளி போட்டிருக்கிறார்கள். கதவைத் திறந்தது அவர் மனைவி பெர்னிஸ். என்னைப் பார்த்தார், மேலிருந்து கீழே பார்த்தார், உள்ளே திரும்பிக் கத்தினார்: "லைல், வெளிய வா! நீ வந்திருக்க!"

அவர் வந்தார். கையில் ஸ்க்ரூடிரைவர். நல்ல உயரம், கூன் விழவில்லை. என்னை அப்படியே பார்த்துக்கொண்டு நின்றார். முப்பத்தைந்து வருஷம் என் முகத்தைத் தொலைக்காட்சியில் தவிர்த்துத் தவிர்த்துப் பழகிய மனிதர், இனிமேல் தவிர்க்க முடியாது.

"யோவ், நீ இவ்வளவு குள்ளமா?" என்றார்.

"கோட்டுக் கையை மடிச்சுத் தெச்சாங்க."

"அதானே பாத்தேன். என்ன வேணும்? அந்த ஆட்டோகிராஃப் சந்தைக்குக் கூப்பிட வந்திருந்தா அப்படியே திரும்பிப் போயிடு."

"இல்ல. உன்னோட சாமான் ஒண்ணு என்கிட்ட இருக்கு. குடுத்துட்டுப் போயிடறேன்."

"இருமல் மிட்டாயா?"

"அதைத் தின்னுட்டேன்."

சிரிக்கவில்லை. ஆனால் கதவிலிருந்து நகர்ந்தார். பெர்னிஸ் நாற்காலியை இழுத்துப் போட்டார். நான் உட்கார்ந்து சொன்னேன். நீங்கள் என்னிடம் எப்படிச் சொன்னீர்களோ அப்படியே. ஆலை, ஹூஸ்டன், ஸ்கேட்டிங் காலணி. "எனக்குள்ள ஒரு தீர்ப்பு" என்று சொல்லுமுன் நீங்கள் நிறுத்தினீர்கள், நானும் அந்த இடத்தில் நிறுத்தினேன். என் வாழ்நாளில் இவ்வளவு கவனமாக எதையும் சொன்னதில்லை. ஒரு சொல் கூட்டவில்லை. முடித்தபோது அடுப்பில் ஏதோ தீயும் வாசனை. பெர்னிஸ் எழுந்து போய் அணைத்தார்.

லைல் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னொரு தடவை சொல்லு" என்றார்.

இன்னொரு தடவை சொன்னேன். இந்தமுறை கடைசியில் நான் சொன்ன பொய்யையும் சேர்த்துச் சொன்னேன், காற்று உட்பட.

"காத்தா?" என்றார். "யோவ், அது ஸ்டுடியோவுக்குள்ள எடுத்தது. கிணறு அட்டை. மேல இருந்து விளக்கு சுட்டெரிச்சுச்சு. காத்துக்கு எங்க போறது?"

"மன்னிப்புக் கேட்டுட்டேன்."

"அந்தப் பொண்ணுதான் ரெண்டு மாசத்துக்கு முன்னாடி லெட்டர் போட்டதா? ஒஹாயோவிலேர்ந்து?"

"ஆமா."

பெர்னிஸ் அடுப்பிலிருந்தே சொன்னார்: "நான் அப்பவே சொன்னேன், பிரிச்சாவது பாரு மனுஷான்னு. கேட்டியா?"

"எப்பப் பாரு ஏன் வெளியேறினேன்னு கேக்கறானுங்க. அதான்னு நெனச்சேன்" என்றார் அவர். பிறகு எனக்குச் சொன்னார், நான் கேட்காமலே. மூன்றாவது வருஷம் படப்பிடிப்பில் குதிரை பார்த்துக்கொள்பவன் ஒருவன் வண்டிக்கு அடியில் விழுந்து கால் நசுங்கியது. ஆம்புலன்ஸ் கூப்பிட்டார்கள், வரத் தாமதம். அதுவரை அவனை ஓரமாகப் படுக்கவைத்துவிட்டு அடுத்த காட்சியை எடுக்கலாம் என்றார் தயாரிப்பாளர். லைல் கேமரா முன்னால் போக மறுத்துவிட்டார். "டாக்டர் வேஷம் போட்டுக்கிட்டு, அங்க ஒருத்தன் கத்திக்கிட்டுக் கிடக்கான், நான் இங்க அட்டைக் கிணத்துல வசனம் பேசவா?" அரை நாள் வேலை நின்றது. அந்த வருஷ முடிவில் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. சம்பளம் கேட்டார் என்று பரப்பினார்கள். அதன் பிறகு யாரும் கூப்பிடவில்லை. சிமெண்ட் ஆலையில் லாரி ஓட்டினார்.

நான் அந்தச் சம்பளக் கதையை மேடையிலேயே சொல்லியிருக்கிறேன், லொரெட்டா, சிரிப்புக்காக. அதையும் சொன்னேன். பெர்னிஸ் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கப்போவதில்லை. லைல் தக்காளிக்குத் தண்ணீர் விட எழுந்து போனார். நான் தொப்பியை எடுத்துக்கொண்டேன். போய்விடலாம் என்று வாசலுக்கு வந்தபோது குழாயைக் கையில் பிடித்தபடியே கேட்டார்:

"வேற யாரு?"

"என்ன வேற யாரு?"

"இவ ஒருத்திதானா? எத்தனை வருஷமா அந்த மேஜையில ஒக்காந்திருக்க நீ? எனக்கு வர வேண்டியதை எல்லாம் வாங்கி வெச்சிருப்பியே. எடு வெளிய."

திரும்ப உள்ளே போய் உட்கார்ந்தேன். எனக்கு ஞாபகம் இருப்பதையெல்லாம் எடுத்தேன். ஃப்ரெஸ்னோக்காரரை எடுத்தேன். தொண்டை அடைப்பான் வந்த ஊரைப் பற்றிய எபிசோடைப் பார்த்து நர்ஸ் ஆன ஒரு பெண். டாக்டர் கறுப்பு இனத்துச் சமையல்காரரோடு ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டதைப் பார்த்து அப்பா சேனலை மாற்றினார் என்றும், அன்றிலிருந்து அப்பாவைத் தான் வேறு மாதிரி பார்த்ததாகவும் சொன்ன மெம்ஃபிஸ்காரர். கண் தெரியாத கிழவிக்கு டாக்டர் செய்தித்தாள் படித்துக்காட்டியது பிடித்து, அதேபோல் ஒரு முதியோர் இல்லத்தில் போய்ப் படிக்க ஆரம்பித்த பஸ் டிரைவர்.

லைல் பங்கு பிரித்தார். "தொண்டை அடைப்பான் என்னுது. சாப்பாடு என்னுது, அதுக்கு டிவி ஸ்டேஷனுக்கு மிரட்டல் ஃபோன் வந்துச்சு. கண்ணு தெரியாத கிழவி? அது நாலாவது வருஷம், உன்னுது, எடுத்துக்க."

"எனக்கு ஞாபகமே இல்ல."

"நான் பாத்தேன். பார்ல போட்டிருந்தான். மோசமில்ல."

முப்பத்தைந்து வருஷத்தில் என் சக நடிகன் எனக்குக் கொடுத்த முதல் பாராட்டு. பிறகு ஒரு தகராறு. குடியை விட்டதற்கு டாக்டர் கேலப் சொன்ன ஒரு வாக்கியம்தான் காரணம் என்று ஒரு மீனவர் என் கையைப் பிடித்து அழுதிருக்கிறார். லைல் தன்னுடையது என்றார். நான் என்னுடையது என்றேன். குரல்கூட உயர்ந்தது. பெர்னிஸ் வந்து நடுவில் நின்றார். "ரெண்டு கிழவனுங்களும் வாயை மூடுங்க. அப்படி ஒரு எபிசோடே உங்க சீரியல்ல கெடையாது. அந்த ஆளு வேற சேனல் டாக்டரைச் சொல்லியிருக்கான்."

முதலில் சிரித்தது லைல்தான். சிரிப்பு இருமலில் முடிந்தது.

சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன். உங்கள் நன்றிக்கு அவர் என்ன சொன்னார் என்று எதிர்பார்ப்பீர்கள். வாயால் ஒன்றும் சொல்லவில்லை. நான் காரில் ஏறும்போது கண்ணாடியைத் தட்டி, "அவ அட்ரஸ் வெச்சிருக்கியா?" என்றார். உங்களைக் கேட்காமல் கொடுத்துவிட்டேன். மன்னியுங்கள்.

இனிமேல் அவரே எழுதுவார். நடுவில் நான் தேவைப்பட மாட்டேன். நல்லபடியாக இருங்கள். வாண்டாவின் கை எப்படி இருக்கிறது?

வெண்டல்


யங்ஸ்டவுன்
ஜூலை 18, 1999

அன்புள்ள வெண்டல்,

அவர் கடிதம் வந்தது. ஐந்து வரி. அதில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குச் சொல்லப்போவதில்லை, அது எனக்கு வந்தது. பதில் போட்டுவிட்டேன், அவரும் திரும்ப எழுதிவிட்டார். அந்தக் கையெழுத்தைப் படிக்க வாண்டாவும் நானும் ஒரு மத்தியான இடைவேளை முழுவதும் செலவழித்தோம். அவள் கை பரவாயில்லை. மடக்கும்போது வலிக்கிறது. தடித்த கையுறை வேண்டும் என்று பதினான்கு பேர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறோம். குதிரைக்காரன் கதையைச் சாப்பாட்டு அறையில் நான்தான் சொன்னேன். சூப்பர்வைசர் எங்கள் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்தானாம். இப்போது அவனுக்கு யார் யார் என்று தெரியும். அதனால் என்ன வரும் என்று தெரியவில்லை. எதுவும் வரலாம்.

இது அதற்காக எழுதும் கடிதம் இல்லை. நடுவில் நீங்கள் தேவைப்பட மாட்டீர்கள் என்று எழுதினீர்களே, அது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. அந்தக் கேசட் விற்றவனுக்கு எழுதி, நாலாவது வருஷத்திலிருந்து உள்ளதை வரவழைத்தேன். வேலை முடிந்து வந்து பார்த்தேன், ஒன்றுவிடாமல். பெரும்பாலானவை சுமார். சொல்லிவிடுகிறேன், எனக்கு மறைக்கத் தெரியாது. நீங்கள் தொப்பியை அதிகம் தொடுகிறீர்கள். கோபம் வரும்போதெல்லாம் ஒரே புருவத்தைத் தூக்குகிறீர்கள். குள்ளமாகத் தெரியக்கூடாது என்று படியிலேயே நிற்கிறீர்கள்.

ஆனால் ஐந்தாவது வருஷத்தில் ஒன்று இருக்கிறது. பிரசவத்தில் ஒரு பெண் இறந்துவிடுகிறாள். நீங்கள் வெளியே வந்து தொட்டியில் கை கழுவுகிறீர்கள். கணவன் பின்னால் நிற்கிறான். வசனம் இல்லை. கை சுத்தமாகிவிட்டது, பார்க்கிற எங்களுக்கே தெரிகிறது. நீங்கள் நிறுத்தவில்லை. கழுவிக்கொண்டே இருக்கிறீர்கள், அவன் பக்கம் திரும்ப வேண்டியிருக்குமே என்று. இயக்குநர் சொல்லிச் செய்தீர்களா, வெட்டுவதற்கு மறந்துவிட்டார்களா, எனக்குத் தெரியாது. பிரசவ வார்டு மூட்டைகள் எங்களுக்கு வரும். சில நாள் அதில் சின்னத் துணிகள் மட்டும் பிரிக்காமல், மடித்தது மடித்தபடி வரும். அன்று எங்கள் இடத்தில் யாராவது ஒருத்தி குழாயடியில் நின்றுகொண்டே இருப்பாள். நானும் நின்றிருக்கிறேன். அதை வெளியே யாரும் பார்த்ததில்லை என்று நினைத்திருந்தேன்.

அதற்கு உங்களுக்கு நன்றி.

ஞாபகம் இருக்கிறது என்று சொல்ல வேண்டாம். இல்லாவிட்டாலும் பரவாயில்லை. மூன்று தடவை நிறுத்தி முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். நீங்கள்தான்.

லொரெட்டா